கம்மல், திருகாணி, தாய்வீடு

நம்ம பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். பழைய மின்விசிறியைக் கழற்றும்போது உள்ளேயிருந்து விழுந்ததாம். கட்டைவிரல் கனத்தில் ஓர் உருளை, இரண்டு ஒயர் வால். "பேரப்பிள்ளைகளைக் கேட்காமல் இது என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்று சவால் வேறு. கண்டென்சர் என்றார்கள் நாலு பேர். கெப்பாசிட்டர் என்று இரண்டு பேர். பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற மகராசன் பேட்டரி என்றான். ஒருத்தி மட்டும் புத்தகத்தில் படித்ததை மறக்காமல் மின்தேக்கி என்று எழுதியிருந்தாள்.

முப்பது வருஷம் இயற்பியல் நடத்திய நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை மக்கா. அந்தப் படத்தைப் பார்த்ததும் என் வாயில் முதலில் வந்த வார்த்தை 'தம்கட்டி'. அதைப் போட்டிருந்தால் என்னைப் பிய்த்து எடுத்திருப்பீர்கள். அதனால் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதை முழுசாகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் அந்தப் பெயர் கிடையாது. அதை வைத்தது என் அம்மா.

அப்பா சங்கரன்கோவிலில் நாலு தறி ஷெட்டுகளுக்குக் கரண்ட் வேலை பார்த்தார் என்பது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். நான் ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த வாரம் ஏணியில் இருந்து விழுந்தார். வலது தோள் பிசகி, எலும்பிலும் கீறல். கட்டுப் போட்டவர் ஆடி பிறக்கும் வரை கையை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தறி ஷெட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான், வந்து பார்த்து ஆரஞ்சுப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் தறி நின்றால் நின்றதுதான், அது யாருக்காகவும் பொறுக்காது. ஒரு தடவை வேறு ஆள் வந்து கை வைத்துவிட்டால் அப்புறம் அந்த ஷெட்டுக்கு அவன்தான். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அம்மா சொன்னாள், "கை நான் தாரேன். வாய் நீங்க தாங்க."

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் பாவு பிணைக்கிறவள். தறியில் நெடுக்கில் ஓடுகிற நூலான பாவு ஒன்று தீர்ந்துபோனால் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று வரிசை மாறினாலும் துணியில் கோடு விழுந்து காட்டிக் கொடுத்துவிடும். அப்படிப்பட்ட விரல்கள் அவளுக்கு. கரண்ட் வேலைக்கு அது போதும் என்று அவளாகவே முடிவு பண்ணிவிட்டாள். அப்பாவுக்குச் சம்மதமே இல்லை. பொம்பளையைச் சுவிட்ச் பலகையில் ஏற்றிவிட்டு ஆம்பளை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன சொல்லும் என்றார். ஊரிடம் சொல்ல வேண்டாம், சாப்பாடு கொண்டு போகிறேன் என்று சொல்லிக்கொள்வோம் என்றாள் அம்மா. அப்பாவுக்கு வேறு வழியும் இல்லை.

பாடம் எங்கள் அடுப்படியில் நடந்தது. அப்பாவின் பையில் இருந்ததையெல்லாம் அம்மா சுளகில் கொட்டிப் பரப்பினாள். அரிசியில் கல் பொறுக்க உட்காருவதுபோல உட்கார்ந்தாள். அப்பா இடது கையால் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். லக்கு, நட்டு, டெர்மினல், கனெக்டர், பேஸ், நியூட்ரல். அம்மா திருப்பிச் சொல்லுவாள். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டால் லக்கை எடு என்றதற்கு வேறு எதையோ எடுத்து நீட்டுவாள். அப்பாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இரண்டாம் நாள் டெஸ்டரைத் தூக்கி எறிந்துவிட்டார். அதன் மஞ்சள் கண்ணாடிக் கைப்பிடியில் கீறல் விழுந்தது. அந்தக் கீறலோடேயே அது கடைசி வரைக்கும் எங்கள் வீட்டில் இருந்தது.

அம்மா டெஸ்டரை எடுத்து முந்தானையில் துடைத்து, சுளகில் பழையபடி வைத்தாள். "நீங்க சொல்லுத பேரு என் மண்டையில நிக்க மாட்டேங்கு. எனக்குத் தெரிஞ்ச பேரா நான் வைக்கேன். அதை நீங்க படிங்க. அப்புறம் திட்டுங்க," என்றாள்.

லக்கு என்பது ஒயர் நுனியில் மாட்டுகிற சின்ன வளையம், அதை ஆணியில் கோத்து நட்டைப் போட்டு இறுக்க வேண்டும். அம்மா அதை விரலில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு காதைத் தொட்டுக் காண்பித்தாள். வளையம் கம்மல் ஆயிற்று. நட்டு திருகாணி ஆயிற்று. "கம்மல் போட்டுத் திருகாணி முறுக்கத் தெரியாத பொம்பளை உண்டா" என்று கேட்டாள். அப்பா முகத்தில் கோபம் போய்விட்டதை நான் பார்த்தேன்.

அப்புறம் பெயர்கள் மளமளவென்று வந்தன. பிளக்கையும் சாக்கெட்டையும் தொழிலாளிகள் ஆண், பெண் என்று சொல்லிவிட்டுத் தங்களுக்குள் சிரிப்பார்களாம். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கொக்கி, வளையம் என்று வைத்தாள், சங்கிலிக்கு இருப்பதுபோல. ஃபியூஸ் மூத்த மருமகள். வீட்டில் என்ன பிரச்சினை என்றாலும் முதலில் கருகுகிறவள் அவள்தான், அவள் கருகினால் மற்றவர்கள் தப்பிப்பார்கள். இதைச் சொன்னவளே மூத்த மருமகள். மோட்டாருக்கு வருகிற மூன்று பேஸ் ஒயர்களுக்கும் நாத்தனார்கள் என்று பெயர். மூன்றில் ஒருத்தி முறுக்கிக்கொண்டு நின்றாலும் மற்ற இரண்டு பேரும் சேர்ந்து மோட்டாரை எரித்துவிடுவார்கள். தனக்கு வாய்த்தது ஒன்றுதான், அதுவே போதும் என்று சொல்லிவிட்டு அம்மா வாசலைப் பார்த்தாள். என் அத்தை இரண்டு வீடு தள்ளி இருந்தாள்.

நியூட்ரல் மாமியார். பார்க்க அமைதியாக இருக்கும், தொட்டால் ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் சொல்லுவார்கள். எங்கேயாவது தொடர்பு அறுந்துபோனால் அதுவும் கடிக்கும். எதற்கும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடு என்று அப்பா சொன்னபோது அம்மா அந்தப் பெயரை வைத்தாள். கெப்பாசிட்டர்தான் தம்கட்டி. மெயினை நிறுத்தின பிறகும் கரண்டை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு செத்தவன்போல இருக்கும். அதன் மூச்சை வெளியேற்றாமல் கிட்டவே போகக்கூடாது.

நான் பின்னாளில் வகுப்பில் மின்தேக்கி என்று எழுதிப் போட்டு நடத்தியிருக்கிறேன். நல்ல சொல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது என்ன செய்யும் என்று மட்டும் சொல்லுகிறது. தம்கட்டி என்ற சொல் உன்னை என்ன செய்யும் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. அதை நினைக்கும்போதெல்லாம் என் அம்மாவை நினைத்து எனக்கு மலைப்பாக இருக்கும். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு.

தரையோடு சேர்கிற பச்சை ஒயருக்கு மட்டும் அவளுக்கு உடனே பெயர் வரவில்லை. எர்த்து எதற்கு என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது அதற்கு வேலையே கிடையாது, ஏதாவது தப்பு நடந்தால் கரண்டைத் தான் வாங்கிக்கொண்டு ஆளைக் காப்பாற்றும் என்றார் அப்பா. அம்மா அந்தப் பச்சை ஒயரைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு, தாய்வீடு என்றாள்.

பெயர் வைத்தால் மட்டும் போதாது. ஓடுகிற தறி ஷெட்டுக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தடக்தடக் என்ற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லாரும் கையாலும் உதட்டாலும்தான் பேசுவார்கள். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சைகை வைத்தார்கள். கம்மலுக்குக் காது. தம்கட்டிக்குக் கன்னத்தை உப்ப வேண்டும். நாத்தனார்களுக்கு மூன்று விரல். தாய்வீட்டுக்குக் கட்டைவிரலால் மேற்கே காட்ட வேண்டும், அம்மாவின் ஊர் ராயகிரி மேற்கே இருக்கிறது. அப்பா, அதுவும் என் அப்பா, அடுப்படியில் உட்கார்ந்து கன்னத்தை உப்பிக் காட்டியதை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

ஒரு சட்டம் மட்டும் அப்பா போட்டார். எதைத் தொடுவதாக இருந்தாலும் அம்மா அதன் சைகையைக் காட்டிவிட்டு "கழத்தவா?" என்று உதட்டை அசைக்க வேண்டும். அப்பா தலையை அசைத்து "ம்" என்ற பிறகுதான் விரல் போக வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை என்றாலும் நூறு தடவையும் கேட்க வேண்டும். ஏனென்றால் ஒரு தடவை தப்பினால் எனக்கு அம்மா இல்லை.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று. அதில்தான் நான் கெடுத்தேன்.

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் தெருக்குழாயில் அத்தை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா கழுத்தில் தாலிச் செயின் இல்லை, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டுதான் தொங்குகிறது, தன் தம்பி பெண்டாட்டி தாலியையே அடகு வைத்துவிட்டான் என்று. சொல்லும்போது அத்தை அழுதாள், பொய் சொல்லக் கூடாது. நான் வீட்டுக்கு வந்து பார்த்தேன். வாஸ்தவம்தான். தங்கம் போன வீட்டில்தான் அப்படி மஞ்சளைக் கட்டுவார்கள் என்பது நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நோட்டில் இரண்டு தாளைக் கிழித்து ராயகிரி மாமாவுக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். அம்மாவுக்கு அவர் ஒரே அண்ணன்.

நாலாம் நாள் முதல் பஸ்ஸில் மாமா வந்து நின்றார். கதர்ச் சட்டை, முறுக்கின மீசை, வலது மணிக்கட்டில் கனமான வெள்ளிக் காப்பு. உன் அம்மா எங்கே என்றார். ஷெட்டில் என்றேன். நான்தான் கூட்டிப் போனேன். அவர் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷெட்டுக்குள் இருபது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கஞ்சி வாடை, சூடான எண்ணெய் வாடை, எல்லார் புருவத்திலும் பஞ்சு. ஒரு தறி மட்டும் நின்றிருந்தது. அதன் பக்கத்துச் சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி திறந்திருக்க, அம்மா மரப்பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் ஸ்டார்ட்டருக்குள். அந்த மோட்டாரை நிறுத்தியிருந்தாலும் பெட்டியின் மேல்பாதியில் கரண்ட் வந்து நின்றுகொண்டுதான் இருக்கும். அப்பா மெயின் பலகைக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சி கழுத்தில் மஞ்சள் கயிறு தொங்குவதை மாமா பார்த்தார். என்னவோ கத்தினார். யாருக்கும் கேட்கவில்லை. நேராகப் போய் அவளைக் கீழே இழுக்கக் கையை நீட்டினார். அவருடைய காப்பு பெட்டியின் மேல்பாதியை நோக்கிப் போவதை நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. இடது கையால் மெயினைக் கீழே அறைந்தார்.

இருபது தறியும் ஒன்றாக நின்றன. அப்படி ஓர் அமைதியை அந்த ஷெட் பகலில் கண்டிருக்காது. நெய்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி கண்ணாடி அறையில் இருந்து வெளியே வந்தார்.

"ஏட்டி, உன் தாலி எங்க?" மாமாவின் குரல் உடைந்திருந்தது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டு ஒரு மூக்குப்பொடி டப்பாவை எடுத்தார். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். பஞ்சு வைத்து, அதன் மேல் தாலிச் செயின் சுருண்டு கிடந்தது.

"நெஞ்சுக்கு நேரத்தான் வச்சிருக்கேன் மச்சான்," என்றார். அதற்கு மேல் சொல்ல அவரால் முடியவில்லை. சொன்னால் வேலை செய்வது பெண்டாட்டி என்று முதலாளிக்குத் தெரிந்துபோகும். அதுவரை அம்மா சாமான் எடுத்துக் கொடுக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நெய்கிறவர்கள் தெரிந்தும் தெரியாதவர்கள்போல இருந்தார்கள்.

அம்மா மரப்பெட்டியில் இருந்து இறங்கினாள். மாமாவின் கையைப் பிடித்து, காப்பைக் கழற்றி அவர் பையிலேயே போட்டாள். கரண்ட் வேலை செய்கிற இடத்தில் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது, தாலியாக இருந்தாலும் சரி, அது தொங்கி இரண்டு நாத்தனார்களுக்கு நடுவில் பட்டால் தாலியும் இருக்காது, கழுத்தும் இருக்காது என்றாள். கழுத்தை வெறுமையாக விட மனசு வரவில்லை, அதனால் மஞ்சள். பிறகு அவரை மெயின் பலகைக்கு முன்னால் நிறுத்தி வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். இது மூத்த மருமகள். இந்த மூன்றும் நாத்தனார்கள். இது மாமியார், சாதுவென்று நம்பாதே. அந்தச் சாம்பல் நிறப் பெட்டி தம்கட்டி, மெயினை நிறுத்தியும் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கிட்டே போகாதே. ஒவ்வொன்றும் எதற்கு, எது போனால் எது நிற்கும், எது யாரைக் கொல்லும். இரண்டு மாதமாகக் கையாலும் உதட்டாலும் மட்டுமே பேசியவள் அன்றைக்குத்தான் வாய்விட்டுப் பேசினாள். சிரித்தவர்கள் யாரும் இல்லை. கடைசியில் பச்சை ஒயரில் வந்து விரல் நின்றது.

"இது தாய்வீடு அண்ணே. எல்லாம் நல்லா இருந்தா இதுக்கு வேலையே கிடையாது. கண்ணுக்கே தெரியாது. நான் பயமில்லாம மேல ஏறி நிக்கேன்னா, இது கீழ இருக்குங்கிற தைரியத்துலதான்."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையைத் துடைக்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அப்போது அப்பா எழுந்து நின்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார், "வேலை பூரா அவதான் பாக்கா அண்ணாச்சி. நான் பேரு சொல்லத்தான் செய்யுதேன். அந்தப் பேரும் அவ வச்சதுதான்."

முதலாளி பலகையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், நின்ற தறிகளைப் பார்த்தார். "சரிம்மா, மெயினைப் போடு, நேரமாகுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஊரே என்ன சொல்லுமோ என்று அப்பா இரண்டு மாதம் பயந்ததற்கு ஊர் சொன்னது அவ்வளவுதான்.

மாமா அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ஒரு கட்டளை மட்டும் போட்டார். வேலை முடிந்தால் தாலிச் செயினைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும், டப்பாவிலேயே கிடக்கக் கூடாது என்று. அவர் பஸ் ஏறிய பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். கடிதம் யார் எழுதியது என்று கேட்கவேயில்லை. "இனிமே கேக்காம எதையும் தொடாத," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் பல இடங்களில் அந்தப் புத்தி எனக்கு உதவியிருக்கிறது.

ஆடித் தபசுத் திருவிழாவுக்குள் அப்பாவின் கட்டை அவிழ்த்தார்கள். ஆனால் அந்தக் கை தோளுக்கு மேலே போகவேயில்லை. அம்மாதான் பதினெட்டு வருஷம் பலகையில் ஏறினாள். தினமும் காலையில் ஷெட் வாசலில் நின்று செயினில் கை வைத்து "கழத்தவா?" என்பாள். அப்பா "ம்" என்று இடது உள்ளங்கையை நீட்டுவார். அதில் வைப்பாள். சாயந்திரம் அதே வாசலில் திருப்பி வாங்கிப் போட்டுக்கொள்வாள். அத்தை அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், கடைசி வரை அவள் வீட்டில் ஃபியூஸ் போனால் அம்மாவைத்தான் கூப்பிட்டாள்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்துநாலு. தறிச் சத்தம் அவள் காதை முழுசாக வாங்கிக்கொண்டது. எங்களுக்கு ஒன்றும் கஷ்டமில்லை, நாங்கள் கையாலேயே பேசிக்கொள்கிறோம். என் மாமியார் இருந்த காலத்தில் அவர் எதிரிலேயே அம்மா அவரைப் பற்றிச் சைகை காட்டுவாள், எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. எங்கள் ஆட்களில் உடம்பை எடுப்பதற்கு முன்பே தாலியை வாங்கிவிடுவார்கள். அதற்கென்று மூன்று கிழவிகள் வந்தார்கள். கூடம் நிறைய அழுகை. ஒருத்தி அம்மாவின் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். அம்மா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"நானே கழத்துதேன். எனக்குப் பழக்கந்தான்," என்றாள்.

எழுந்து அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். செயினில் கை வைத்து, அவர் முகத்தைப் பார்த்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். அவள் என்ன கேட்டாள் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு கொக்கியை நெகிழ்த்திக் கழற்றி, அவருடைய இடது உள்ளங்கையை விரித்து, அதில் வைத்தாள்.